+2 முடிச்சாச்சு, வண்டி வேலைதான் புடிச்சிருக்கு: ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, மாமா பட்டறையே போதுமா?

காங்கேயம்_பையன்:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துல கிராமம். +2 கணக்கு குரூப், மார்க் சுமார்தான். லீவு உட்டா மாமா பட்டறையிலதான் கெடப்பேன். பிரேக் ஷூ தனியா மாத்துவேன், கியர் பாக்ஸ் எறக்கறப்ப கூட நிப்பேன். ரிப்பேர் வேலையில நின்னு, பொறவு சொந்தமா பட்டறை போடோணும்னு ஆசை.

அப்பா இன்ஜினியரிங் சேரச் சொல்றாரு. "ஸ்பேனர் புடிக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்"ங்கறாரு. மாமா, "ஜி.டி.நாயுடு எந்தக் காலேஜுல படிச்சாரு, எங்கூடயே இருடா"ங்கறாரு. அமெரிக்காவுல ஒறம்பரை அண்ணன் ஒருத்தரு கம்யூனிட்டி காலேஜுல ரெண்டு வருசம் இதையே படிச்சுட்டு மெக்கானிக்கா இருக்காரு. நம்மூர்ல அதுக்கு ஈடா என்ன படிக்கறதுங்க?

சர்வீஸ்_கோவை:
தம்பி, கணக்கு குரூப்புன்னா டிப்ளமா ஆட்டோமொபைல்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். ரெண்டே வருசத்துல கையில டிப்ளமா. ஆனா ஒண்ணு, டிப்ளமாவோட ஷோரூமுக்கு வந்தா பாதிப் பேரை சர்வீஸ் அட்வைசர் ஆக்கி, டேப்லெட்டைக் குடுத்து கஸ்டமர் முன்னால நிறுத்திருவாங்க. நான் அப்படித்தான் நிக்கறேன். சம்பளம் பரவால்ல. கையில கிரீஸ் பட்டு வருசமாச்சு.

ஈரோடு_டீசல்:
நான் சங்ககிரியில லாரிப் பட்டறையில ஆரம்பிச்சவன். நடுவுல ஐ.டி.ஐ. போய் எம்.எம்.வி. முடிச்சேன், அதாவது மோட்டார் வண்டி மெக்கானிக், ரெண்டு வருசம். இப்ப ஈரோட்டுல பிக்கப், சின்ன லாரி பாக்கறேன்.

மொதல்ல உங்க மாமா கேட்டதுக்கு வர்றேன். ஜி.டி.நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில உட்டவருதான், 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒத்தை பஸ் உட்டு வளந்தவருதான். ஆனா 1945ல கோயமுத்தூர்ல ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் வந்ததும் அவராலதான். படிப்பே வேண்டாம்னு அவரு சொல்லல, வருசக்கணக்கா இழுக்கற படிப்புத்தான் அவருக்கு ஆகாது. மாமாகிட்ட இந்தப் பாதியையும் சொல்லிப் போடு.

துருப்புடிச்ச போல்ட்டைத் தலை ஒடையாம எடுக்கறது, ஓடற சத்தத்துலயே பேரிங்கா கியரான்னு சொல்றது, இதுக்கெல்லாம் எந்த வாத்தியாரும் உங்க மாமாவுக்கு ஈடாக மாட்டாங்க. ஆனா 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6ங்கற புதுப் புகை விதி வந்ததுக்கப்புறம் பட்டறைக்கு வர்ற வண்டியில கழட்டற வேலை கம்மி, அளக்கற வேலை எச்சு.

போன மழைக்கு, தேங்கா லோடு அடிக்கற பிக்கப் ஒண்ணு வந்துச்சு. மீட்டர் போர்டுல நாலஞ்சு லைட்டு ஒட்டுக்கா எரியும், ஸ்பீடு முள்ளு படுத்துக்கும், ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிரும். ஏற்கெனவே வேற எடத்துல சென்சார் மாத்தியாச்சு, அப்புறம் ஈ.சி.எம்.மே, அதாவது எஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டரே போச்சுன்னு சொல்லிட்டாங்களாம். ஓனரு வெசனத்துல உக்காந்துட்டாரு. பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, ஸ்கேனர் மாட்டற சாக்கெட்டுல 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் மீட்டரை வெச்சேன். 60 ஓம் காட்டோணும். ஏன்னா வண்டியில இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற லைன் அது, அதோட ரெண்டு மொனையிலயும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர், பேரலல்ல இருக்கறதால பாதி. அங்க 60 காட்டுச்சு. பையனை உட்டு ஒயர்க் கட்டை ஆட்டச் சொன்னேன். கேபினுக்கு அடியில கை போனப்ப 60 தாவி 120 ஆச்சு. ஒரு மொனை அந்து அந்து ஒட்டுது. பாத்தா, கட்டு ஒரு பிராக்கெட்டுல ஒரசி, டேப்பு தேஞ்சு, உள்ள செம்பு பச்சை புடிச்சுக் கெடக்குது. வெட்டி, சோல்டர் வெச்சு, ஸ்லீவ் போட்டு, கட்டை அக்கட்டத் தள்ளிக் கட்டினேன். அவ்வளவுதான் வேலை.

அந்த 60 ஓம் கணக்கு சங்ககிரியில எனக்கு யாரும் சொல்லித் தரல. ஐ.டி.ஐ.ல ரெண்டு பல்பையும் ஒரு பேட்டரியையும் குடுத்து, சீரியஸ், பேரலல்னு மாத்தி மாத்தி மாட்டச் சொல்லி உசுரை வாங்கின வாத்தியாரால வந்தது.

ஆகமொத்தம், ரிப்பேர்தான் வேணும்னா எம்.எம்.வி. சேரு. ஒரு வருச டீசல் மெக்கானிக்கும் இருக்குது, ஆனா உனக்கு ரெண்டு வருசம் நல்லது. அரசு ஐ.டி.ஐ.ல ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூவா உதவித்தொகை. ஆறாவதுலருந்து கவர்மெண்ட் ஸ்கூலுன்னா தமிழ்ப் புதல்வன் 1,000 ரூவாயும் ஐ.டி.ஐ.க்கு உண்டு. முடிச்சதும் பஸ் டெப்போவுலயோ பெரிய சர்வீஸ் சென்டர்லயோ அப்ரண்டிஸ் போயிரு. அப்பாவுக்கு ஒரு சேதி: ஐ.டி.ஐ. முடிச்சாலும் டிப்ளமா ரெண்டாம் வருசம் போலாம், டிப்ளமாவுலருந்து பி.இ. ரெண்டாம் வருசம் போலாம். பொண்ணு விசயத்துக்கு என்கிட்ட வழியில்ல.

சேர்றதுக்கு முந்தி ஒருக்கா நேர்ல போய்ப் பாரு. ஷெட்டுல காமன் ரெயில் எஞ்சின், அதாவது கம்ப்யூட்டர் வெச்சு டீசல் அடிக்கற இப்பத்த எஞ்சின் நிக்குதா, பழைய பம்ப் எஞ்சின் மட்டுந்தானா? ஸ்கேனர் பசங்க கையில இருக்குதா, பீரோவுல பூட்டியிருக்குதா? ஆபீஸ்ல கேக்காத, படிக்கற பசங்களைக் கேளு.

கொங்கு_டெக்சாஸ்:
அந்த ஒறம்பரை அண்ணன் நானில்ல, ஆனா இங்க கம்யூனிட்டி காலேஜுல இதைத்தான் படிச்சேன். ஏ.எஸ்.இ.ங்கறது இங்க மெக்கானிக்குகளுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கற பரீட்சை. அதுல கார் பக்கம் மாஸ்டர் ஆக எட்டுப் பாடம்: எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், மேனுவல் கியர், சஸ்பென்ஷன், பிரேக், எலெக்ட்ரிக்கல், ஏ.சி., எஞ்சின் பெர்ஃபார்மன்ஸ். எலெக்ட்ரிக்கல்ல தடுமாறுனவன் கடைசிப் பாடத்துலயும் தடுமாறுவான், இதை வகுப்புலயே பாத்தேன். பரீட்சை பாஸானா மட்டும் சர்ட்டிபிகேட் வராது. ரெண்டு வருச வேலை அனுபவம் காட்டோணும், படிச்சிருந்தா அதுல ஒரு வருசம் கழியும். டூல்ஸ் சொந்தக் காசுல வாங்கோணும், அந்தக் கடனே தனிக் கதை. ஈரோட்டுக்காரரு சொல்றதுதான் சரி, அங்கயே படி.

காங்கேயம்_பையன்:
ரொம்ப நன்றிங்ணா. ஜி.டி.நாயுடு சேதியைச் சொன்னேன், மாமா சிரிச்சுட்டாரு. ஐ.டி.ஐ. போனா பட்டறைக்குப் போறதை உட்டரோணுமுங்களா?

ஈரோடு_டீசல்:
எதுக்கு உடறே? சாயங்காலம் போ, ஞாயித்துக்கெழமை போ. மொதக் காசுல நல்ல மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கு. கம்ப்ளெய்ண்டே இல்லாத வண்டியை அளந்து நோட்டுல எழுதி வை: நிக்கறப்ப பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட, ஓடறப்ப 13.8லருந்து 14.4. நல்ல வண்டி என்ன காட்டும்னு தெரியாம கெட்ட வண்டியில மீட்டர் வெச்சு என்ன புரியப்போகுது? அப்புறம், ஸ்டார்ட் அடிக்கறப்ப பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல வெச்சுப் பாரு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா, ஸ்டார்ட்டரைக் கழட்டச் சொல்லி மாமா சொன்னாலும் மொதல்ல எர்த் ஒயரைப் பாரு.