‘பொறுப்பாளர்’ போதாது: அழகுப்பொருள் ஏற்றுமதிக்கு ஒரு சொல்

வணக்கம்.

நம் கையேட்டின் ஏற்றுமதி இயலுக்கான சொற்பட்டியல் அநேகமாக முடிந்துவிட்டது. ‘ரெஸ்பான்சிபிள் பர்சன்’ (responsible person), அதாவது விற்கும் அழகுப்பொருளுக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் என்பதற்கான சொல் மட்டும் இழுத்தடிக்கிறது. இப்போதைக்குப் ‘பொறுப்பாளர்’ என்று போட்டிருக்கிறோம். அதை அப்படியே விட்டால், சோப்பும் முகக் களிம்பும் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர், தம் அலுவலகத்தில் ஏற்றுமதியைக் கவனிக்கும் ஊழியரின் பெயரை எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்.

சட்டம் கேட்பது வேறு. அழகுப்பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குவிதி 2013 ஜூலை முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. அதன்படி இந்த ஆள் ஒன்றியத்துக்குள் இருந்தாக வேண்டும். தனி ஆளாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். அவர் இல்லாமல் ஒரு டப்பாவைக்கூட அங்கே சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. விற்பனைக்கு முன் ஒன்றியத்தின் இணையவாயிலில் பொருளின் விவரங்களைத் தெரிவிப்பது அவர் வேலை. பாதுகாப்பு அறிக்கை உள்ளிட்ட கோப்பை, கடைசித் தொகுதிச் சரக்கு சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருப்பதும் அவரே. யாருக்காவது கடுமையான பாதிப்பு வந்தால் அதிகாரிகளிடம் சொல்வதும், தேவைப்பட்டால் சரக்கைத் திரும்பப் பெறுவதும் அவர் தலையில்தான். களிம்பைக் கிண்டியவர் எங்கோ இருப்பார். அதிகாரிகள் கதவைத் தட்டுவது இவர் வீட்டில்.

ஒரு டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பொடி எழுத்தில் பெயரும் முகவரியும் இருக்கும். சில சமயம் இரண்டு மூன்று முகவரிகள் அடுத்தடுத்து இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருப்பார்கள். அழகுக்காக அல்ல. கோப்பு எந்த முகவரியில் இருக்கிறதோ அதைத் தனித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதிகாரி நேரே அங்கே போய்க் கோப்பை எடுக்கச் சொல்லலாம். இறக்குமதியான பொருள் என்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும் அச்சாக வேண்டும்.

இனி, பரிந்துரையாக வந்திருக்கும் சொற்களைப் பார்ப்போம்.

> பொறுப்பான நபர்

இது ஒழுங்காக நடந்துகொள்ளும் நல்ல பிள்ளையைத்தான் நினைவூட்டுகிறது. நிறுவனத்துக்கும் ஒட்டாது.

> பொறுப்பாளர்

பகுதிப் பொறுப்பாளர், கிளைப் பொறுப்பாளர் என்று ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். போதாததற்குத் ‘தலைமையாசிரியர் (பொறுப்பு)’ என்றால் வேறொருவர் வரும்வரை ஒப்புக்கு உட்கார்ந்திருப்பவர். நமக்கு வேண்டியது நேர் எதிரானது.

> உள்நாட்டு முகவர்

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முகவர் இன்னொருவர் சார்பில் பேசுபவர். நம் ஆள் தம் பெயரிலேயே பதில் சொல்ல வேண்டியவர். தவிர, ‘முகவர்’ நமக்கு வேறிடத்தில் தேவைப்படும். அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டு அழகுப்பொருள் சட்டத்தில் இரண்டும் தனித்தனியாக வருகின்றன. அங்கே ‘ரெஸ்பான்சிபிள் பர்சன்’ என்பது தயாரிப்பவர், பொதி செய்பவர், விநியோகிப்பவர் ஆகியோரில் எவர் பெயர் லேபிளில் இருக்கிறதோ அவர். கடுமையான பாதிப்பு பற்றித் தகவல் வந்தால், 15 வேலை நாட்களுக்குள் அரசுக்கு அறிக்கை தருவது அவர் கடமை. வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பதிவு செய்யும்போது அமெரிக்காவில் ஒரு முகவரையும் காட்ட வேண்டும், அவர் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த இயலே குழம்பிவிடும்.

> சட்டப் பொறுப்பாளர்

இருப்பவற்றில் இது பரவாயில்லை. ஆனால் நிறுவனத்தின் சட்டப் பிரிவைக் கவனிப்பவர் என்ற பொருளும் உடனே வந்து ஒட்டிக்கொள்கிறது.

என் முன்மொழிவு: பொறுப்பேற்பாளர். இறக்குமதியாளர் இந்தக் கடமையை ஒன்றியத்துக்குள் இருக்கும் வேறொருவருக்கு எழுத்துமூலம் ஒப்படைக்கலாம். அவரும் ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. அந்த ‘ஏற்பு’ சொல்லிலேயே இருக்கட்டும். உற்பத்தியாளர், இறக்குமதியாளர் என்று நிறுவனங்களையும் சொல்கிறோம் என்பதால் ‘ஆளர்’ இடிக்காது.

—

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். எல்லோரும் விரும்பியா ஏற்கிறார்கள்? வேறு யாரையும் நியமிக்காவிட்டால் இறக்குமதியாளர்தான் அந்த ஆள். சந்தையில் இருக்கும் பொருளைத் தம் பெயரில் விற்கும் விநியோகிப்பவரும், விதிகளுக்குப் பொருந்துவதைப் பாதிக்கும் அளவுக்குப் பொருளை மாற்றுபவரும் அப்படியே. கையெழுத்து எதுவும் போடாமலே சுமை வந்து விழுகிறது. ‘ஏற்பாளர்’ என்றால், ஏற்காவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று படிப்பவர் நினைக்க மாட்டாரா? ‘பொறுப்புடையவர்’ என்று வைத்தால் என்ன?

—

நல்ல கேள்வி. விநியோகிப்பவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. கையேட்டில் அதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். சொந்த பிராண்டு பெயரில் விற்க ஆசைப்பட்டு மாட்டிக்கொள்பவர்கள் அவர்கள்தாம். வெளிநாட்டு லேபிளை மொழிபெயர்த்து ஒட்டினால் மட்டும் அது பொருளை மாற்றியதாகாது என்பதையும் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வீணாகப் பயப்படுவார்கள்.

ஆனால் தமிழில் ‘ஏற்பது’ எப்போதும் விருப்பத்தோடு நடப்பதல்லவே. ‘நட்டத்தை நிறுவனமே ஏற்றது’ என்கிறோம். யாரும் ஆசைப்பட்டு நட்டத்தை ஏற்பதில்லை. ‘செலவை யார் ஏற்பது?’ என்று கேட்கும்போதும் சுமப்பது யார் என்றுதான் கேட்கிறோம். ஆக, இரண்டு வழிக்கும் சொல் தாங்கும். ‘பொறுப்புடையவர்’ பாதகமில்லை, ஆனால் வாக்கியத்துக்குள் போட்டால் கலைச்சொல்லாகத் தனித்துத் தெரியாது. ‘பாதிப்புக்குப் பொறுப்புடையவர் அறிக்கை தர வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். குற்றவாளியைத் தேடுவது போல இருக்கிறது.

சொற்பட்டியலில் இதன் விளக்கத்தை இப்படி எழுதலாமா?

பொறுப்பேற்பாளர்: அழகுப்பொருள் ஒன்று விற்கப்படும் சந்தையின் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதற்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய ஆள் அல்லது நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும். எழுத்துமூல நியமனத்தாலோ சட்டத்தாலோ அமையும். பிரிட்டனில் விற்கத் தனியே பிரிட்டனுக்குள் ஒருவர் தேவை.

—

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம், ‘நோட்டிஃபிகேஷன்’ எனும் இடத்தில் ‘அறிவிக்கை’ வேண்டாம். அது அரசு வெளியிடுவது போலப் படுகிறது. நிறுவனம் அரசிடம் சொல்வதற்குத் ‘தெரிவிப்பு’ போதும். ‘அனுமதி’ என்று எங்கும் வந்துவிடக் கூடாது. ஒன்றியம் முன்கூட்டியே பொருளைச் சோதித்து அனுமதி தருவதில்லை. வரைவில் இரண்டு இடங்களில் அப்படி இருக்கிறது, திருத்திவிடுகிறேன்.