வாரம் 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போடலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வயது 24. இரண்டு வருஷமாக ஜிம் போகிறேன், எடை 68 கிலோவிலேயே நிற்கிறது. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி வாரம் 500 மில்லிகிராம் பத்து வாரம் போட்டால் உடம்பு ஏறும் என்கிறார் மாஸ்டர். ரத்தத்தில் என் அளவு 610, நார்மல்தான். போட்ட அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
தம்பி, போட்டவன் நான். தசை ஏறும், அதில் பொய் சொல்ல மாட்டேன். 1996-இல் அமெரிக்காவில் பாசின் குழு செய்த ஆய்வில், வாரம் 600 மில்லிகிராம் போட்டு எடை தூக்கியவர்களுக்குப் பத்து வாரத்தில் கொழுப்பில்லாத எடை 6 கிலோ கூடியது. ஊசி இல்லாமல் தூக்கியவர்களுக்கு 2 கிலோ. அதே குழு 2001-இல் பல டோஸ்களை ஒப்பிட்டது. 600-இல் தசை அதிகம்தான், ஆனால் நல்ல கொழுப்பு இறங்கிவிட்டது.

எனக்கு அப்போது 27. ஆறு மாதம் போட்டேன். பழைய சட்டையில் கை நுழையாது, பீச் ரோட்டில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை ஒருமுறைகூட எடுக்கவில்லை. கல்யாணமாகியும் ஊசியை விடவில்லை, இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போட்டேன். குழந்தை தங்கவில்லை என்று ஒரு வருஷம் என் அம்மா மனைவியைத்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போனார். கடைசியில் எனக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். விந்தணு பூஜ்யம்.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், விந்தணு உண்டாக்கும் விதையை வேலை வாங்கும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் மூளை நிறுத்திவிடும். விதை சுருங்கும். இதே மருந்தை வாரம் 200 கொடுத்து ஆண் கருத்தடையாக உலக சுகாதார நிறுவனமே சோதித்திருக்கிறது. உன் மாஸ்டர் சொல்வது அதைப் போல இரண்டரை மடங்கு! எனக்கு ரத்தமும் கெட்டியாகி ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 55-க்குப் போயிருந்தது. 54 தாண்டினால் டாக்டர்கள் ஊசியை நிறுத்திவிடுவார்கள். விந்தணு திரும்ப 14 மாதம் ஆனது.

பதில் (நெல்லித்தோப்பு):
முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள்? 68 கிலோவுக்குத் தினம் 110 கிராம் புரதமாவது வேண்டும். முட்டை, மீன், கொண்டைக்கடலை எல்லாம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும்.

கேட்டவர்:
புரதம் பாதிகூட வராது. அண்ணா, ஒன்று மறைத்துவிட்டேன். போன ஞாயிறு ஒரு ஊசி போட்டாயிற்று.

முத்தியால்பேட்டை:
சரி, பயப்படாதே. ஒன்றோடு நின்றால் உடம்பு மீண்டுவிடும். அடுத்ததைப் போடாதே. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. போட்டதை மறைக்காமல் சொல். ஜிப்மரில் ஹார்மோனுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, வருவதென்றால் நானும் கூட வருகிறேன்.