தனியா ஓட்டினா பாஸ், மொத்தமா ஓட்டினா ஃபெயில்: ஃபிக்ஸ்சர எப்படி பிரிக்கிறது?

அரைகுறை_டெஸ்டர்:
பைடெஸ்ட்ல (பைத்தான் கோட டெஸ்ட் பண்ற டூல்) 400 டெஸ்ட் கிட்ட இருக்கு. முன்னாடி ஒவ்வொரு ஃபைல்லயும் டேட்டாபேஸ் கனெக்ஷன், ஒரு யூசர், ஒரு ஆர்டர்னு அதே பத்து வரிய காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருந்தோம், சரி ஒரே இடத்துல இருக்கட்டும்னு எல்லாத்தையும் ஃபிக்ஸ்சரா (டெஸ்ட்டுக்கு வேண்டியத தயார் பண்ணி குடுக்குற ஃபங்ஷன்) மாத்தி, எல்லா டெஸ்ட் ஃபைலுக்கும் பொதுவான கான்ஃப்டெஸ்ட் ஃபைலுக்கு தூக்கிட்டு, வேகமா ஓடட்டுமேன்னு அத்தனைக்கும் ஸ்கோப்ப செஷன்னு, அதாவது மொத்த ஓட்டத்துக்கும் ஒரே தடவ உருவாகுற மாதிரி, போட்டுட்டேன். இப்போ ஒரு டெஸ்ட் யூசரோட பேர மாத்துது, அடுத்து வர்றது பழைய பேர தேடி அடி வாங்குது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதுசா உருவாக்குற ஃபங்ஷன் ஸ்கோப்புக்கு மாத்தினா 2 நிமிஷத்துல முடிஞ்சது 11 நிமிஷம் இழுக்குது. என்னதான் பண்றது?

பச்சைடிக்:
யூசர செஷன்ல வச்சதுதான் வினை. உருவாக்க நேரம் பிடிக்கிறது எது, டெஸ்ட் கை வைக்கிறது எதுன்னு முதல்ல பிரிங்க. கனெக்ஷனும் டேபிள் உருவாக்குறதும் செஷன்லயே இருக்கட்டும். அதுக்கு மேல ஃபங்ஷன் ஸ்கோப்ல ஒரு ஃபிக்ஸ்சர் எழுதுங்க, உள்ள டிரான்ஸாக்ஷன ஆரம்பிச்சு யீல்ட் பண்ணிட்டு (டெஸ்ட் ஓடுறது இந்த இடத்துலதான்), யீல்டுக்கு கீழ ரோல்பேக், அதாவது எழுதுனத ரத்து பண்றது. யூசர், ஆர்டர் ரெண்டும் இத ஆர்க்யுமென்ட்டா வாங்கிக்கட்டும், டெஸ்ட் முடிஞ்சதும் எழுதுனது எல்லாம் தானா போயிடும். ஆனா நீங்க டெஸ்ட் பண்ற கோடே உள்ள கமிட் அடிச்சா (எழுதுனத நிரந்தரமாக்கினா) இந்த வித்தை பலிக்காது, சேவ்பாயின்ட் (டிரான்ஸாக்ஷனுக்கு நடுவுல திரும்பி வரக்கூடிய புள்ளி) வச்சு சமாளிக்கணும்.

அரைகுறை_டெஸ்டர்:
பிரிச்சேன், உடனே ஸ்கோப் மிஸ்மேட்ச்னு எரர் கத்துது 😭 இன்னொண்ணு, கேஷ் சர்வர் ஓடிட்டு இருந்தா மட்டும் சில டெஸ்ட் ஓடணும், ஸ்கிப்இஃப் (கண்டிஷன் உண்மைன்னா டெஸ்ட்ட ஓட்டாம விடுற டெகரேட்டர்) போட்டா போதுமா?

யீல்டுக்குகீழே:
எரர் சரியாத்தான் சொல்லுது. செஷன் ஃபிக்ஸ்சர் எதோ ஒண்ணு ஃபங்ஷன் ஸ்கோப்ல இருக்கறத கேக்குது. நீண்ட நாள் வாழுறது ஒரு டெஸ்ட்டோட சாகுறத நம்பி இருக்க முடியாதுல்ல, ஃபங்ஷன் ஸ்கோப்ல இருக்கறது செஷன்ல இருக்கறத வேணா கேக்கலாம். மங்கிபேட்ச (டெஸ்ட் நேரத்துல மட்டும் கோட தற்காலிகமா மாத்துற, பைடெஸ்ட்லயே இருக்கற ஃபங்ஷன் ஸ்கோப் ஃபிக்ஸ்சர்) செஷன் ஃபிக்ஸ்சர்ல கேட்டாலும் இதே எரர்தான், நானே ரெண்டு தடவ மாட்டியிருக்கேன்.

ஸ்கிப்இஃப் ஓஎஸ், பைத்தான் வெர்ஷன் மாதிரி விஷயத்துக்கு நல்லா இருக்கும். சர்வர் இருக்கான்னு அதுல பாக்காதீங்க, டெகரேட்டர்ல எழுதுற கண்டிஷன் ஃபைல் இம்போர்ட் ஆகும்போதே ஓடிடும், ஒரே ஒரு டெஸ்ட் ஓட்டினாலும் சும்மா கனெக்ட் பண்ணிட்டு நிக்கும். கேஷுக்குன்னு ஒரு ஃபிக்ஸ்சர் வச்சு, கனெக்ட் ஆகலன்னா அதுக்குள்ளயே பைடெஸ்ட் ஸ்கிப்ப கூப்பிடுங்க, அத கேட்ட டெஸ்ட் எல்லாம் தானா ஸ்கிப் ஆயிடும்.

அப்புறம் ஆர்டர் வேணும், ரத்தான ஆர்டர் வேணும், காசு கட்டாத ஆர்டர் வேணும்னு ஆளுக்கொரு ஃபிக்ஸ்சர் முளைக்க ஆரம்பிக்கும். விடாதீங்க. ஆர்டர உருவாக்குற ஃபங்ஷன திருப்பி குடுக்குற ஒரே ஃபிக்ஸ்சர் போதும், டெஸ்ட்டே ஸ்டேட்டஸ சொல்லி கூப்பிட்டுக்கும், படிக்கும்போதும் எந்த ஆர்டர்னு கண்ணு முன்னாடி தெரியும். ஆட்டோயூஸ் (டெஸ்ட் கேக்காமலே ஃபிக்ஸ்சர் தானா ஓடுறது) பக்கம் ரொம்ப போகாதீங்க, எங்கிருந்து என்ன வருதுன்னு ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது.

பச்சைடிக்:
எக்ஸ்டிஸ்ட் (டெஸ்ட்ட பல பிராசஸ்ல பிரிச்சு ஓட்டுற பைடெஸ்ட் ப்ளகின்) வச்சு பேரலலா ஓட்டுவீங்கன்னா செஷன் ஃபிக்ஸ்சர் ஒவ்வொரு வொர்க்கருக்கும், அதாவது ஒவ்வொரு பிராசஸுக்கும், தனித்தனியா ஓடும், டேட்டாபேஸ் பேர்ல வொர்க்கர் ஐடிய சேர்த்துக்கோங்க. இல்லன்னா ஒருத்தர் டேபிள இன்னொருத்தர் டிராப் பண்ணிடுவாங்க.

அரைகுறை_டெஸ்டர்:
எந்த ஃபிக்ஸ்சர் எப்போ ஓடுதுன்னு காட்டுற செட்டப் ஷோ ஆப்ஷன் போட்டு ஓட்டிப் பாத்தேன், மங்கிபேட்ச் எதுவும் இல்ல, நான் எழுதுன லாகின் ஃபிக்ஸ்சர்தான் செஷன்ல உக்காந்துட்டு யூசர கேட்டுட்டு இருந்துச்சு. ஃபங்ஷனுக்கு இறக்கிட்டேன், 3 நிமிஷத்துக்குள்ள எல்லாம் பச்சை. கமிட் அடிக்கிற நாலு டெஸ்ட் மட்டும் பாக்கி, நாளைக்கு பாத்துக்கறேன்.