ரோரி காலகர்: கிட்டாரைப் பேசுற அளவுக்குப் பாட்டை ஏன் யாரும் பேசறதில்ல?

டர்பன்_ஆறுதந்தி:
அயர்லாந்து ப்ளூஸ்-ராக் கலைஞர் ரோரி காலகர்னாலே அந்தப் பெயிண்ட் உரிஞ்ச 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் கதைதான். 2024 ஏலத்துல கிட்டத்தட்ட 9 லட்சம் பவுண்டுக்குப் போனதும் இன்னும் மோசம். அவர் எழுதின பாட்டுகளுக்காகவே கேக்கணும்னா எந்த ஆல்பத்துல தொடங்கலாம்?

கூடவே ஒரு சந்தேகம். அவர் மாதிரியே வாக்ஸ் ஏசி30 ஆம்புக்கு முன்னாடி, கிட்டாரோட கூர்மையான சத்தத்தை ஏத்தற ஜெர்மேனியம் ட்ரெபிள் பூஸ்டர் வெச்சிருக்கேன். ஜூலையில அருமையா இருக்கு, டிசம்பர் வந்தா சத்தம் அடைச்சுப்போய் விட்டுவிட்டு வருது. பேட்டரி புதுசு. எங்க கோளாறு?

லெனேசியா_ப்ளூஸ்:
'ஐரிஷ் டூர் 74', வேற பேச்சே இல்ல. 1974 ஜனவரியில பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூணு ஊர்லயும் பதிவானது. குண்டு வெடிச்சிட்டிருந்த பெல்ஃபாஸ்டுக்கு மத்த பேண்டுங்க வரவே பயந்த காலம், இவர் தவறாம போய் வாசிச்சார்.

ஃபீனிக்ஸ்_ஸ்லைடு:
அண்ணே, அதுல தொடங்குறதாலதான் பாட்டு எழுதுறவர் மறைஞ்சு போறார். மேடையில சோலோ நீண்டுக்கிட்டே போகும், காது விரலைத்தான் பின்தொடரும். முதல்ல 1973ல வந்த 'டாட்டூ' கேளுங்க. 'எ மில்லியன் மைல்ஸ் அவே'ல ஓட்டல் பார் நிறைய ஜனம், நடுவுல ஒருத்தன் மட்டும் அங்க இல்லாத மாதிரி. வரியும் சரி, வாசிப்பும் சரி, ஒண்ணை ஒண்ணு மிதிக்காது. அப்புறம் 1976 'காலிங் கார்ட்'. டீப் பர்ப்பிள் ரோஜர் க்ளோவர் தயாரிப்பு, ஜாஸ் வாசனை கொஞ்சம் தூக்கல். 1979 'டாப் பிரயாரிட்டி'ல 'ஃபில்பி'யை விட்டுடாதீங்க: ஊர் ஊரா அலையற பாட்டுக்காரன் தன்னை ரஷ்யாவுக்கு ஓடின உளவாளியோட ஒப்பிடறான், அதுக்கு எலக்ட்ரிக் சித்தார் வேற!

பேர் பரவாததுக்குக் காரணம் அவரேதான். ஆல்பத்துலேர்ந்து ஒரு பாட்டை மட்டும் தனியா சிங்கிளா வெளியிட மாட்டேன்னு அடம். சான் ஃபிரான்சிஸ்கோவுல முடிச்ச ஆல்பத்தையே பிடிக்கலன்னு ஓரங்கட்டிட்டு 1978ல 'ஃபோட்டோ ஃபினிஷ்'னு புதுசா பதிவு பண்ணினார். ஓரங்கட்டினது 2011லதான் வெளிவந்தது, அவர் போய் 16 வருஷம் கழிச்சு.

உம்கேனி_சால்டரிங்:
பூஸ்டர் விஷயத்துக்கு வர்றேன். கோளாறு டர்பன் வெயில்; தென்னாப்பிரிக்காவுல நமக்கு டிசம்பர்தானே கோடை. ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர்ல சூடு ஏற ஏற கசிவு மின்னோட்டம் கூடும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய ரெட்டிப்பு. பயாஸ், அதாவது ட்ரான்சிஸ்டர் வேலை செய்யற மின்நிலை, நகர்ந்து சத்தம் அமுங்கிடும். பழைய ரேஞ்ச்மாஸ்டர் பூஸ்டரோட சர்க்யூட்னா ட்ரான்சிஸ்டரோட கலெக்டர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. 7 வோல்ட் பக்கம் இருக்கணும், 4க்குக் கீழ இறங்கினா அதான் வியாதி. 68கே ரெசிஸ்டரை எடுத்துட்டு 100கே ட்ரிம்பாட் (திருகி மாத்தற ரெசிஸ்டர்) போட்டு, வெயில் நேரத்துலயே 7க்குத் திருப்பி வைங்க. பூஸ்டரை ஆம்ப் தலைமேல வைக்காதீங்க. அந்தக் காலத்துப் பெட்டி அப்படி வைக்கத்தான் செஞ்சது, ஆனா ஆம்ப் வால்வு சூடும் நம்ம டிசம்பரும் சேர்ந்தா தாங்காது.

இன்னொரு ஆபத்து. பூஸ்டர்ல பிஎன்பி வகை ட்ரான்சிஸ்டர்னா பாசிட்டிவ் கிரவுண்ட், மத்த பெடலுக்கு நேர் எதிர். மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல கோத்தா ஷார்ட். 9 வோல்ட் பேட்டரி தனியா போதும்.

டர்பன்_ஆறுதந்தி:
நன்றிண்ணே. கிட்டாருக்கும் பூஸ்டருக்கும் நடுவுல ட்யூனர் பெடல் இருக்கு, அது பரவாயில்லையா?

உம்கேனி_சால்டரிங்:
பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பற சர்க்யூட்) உள்ள ட்யூனர்னா பூஸ்டருக்குப் பின்னாடி தள்ளுங்க. பூஸ்டர் கிட்டார் பிக்கப்போட நேரா பேசணும், நடுவுல பஃபர் வந்தா காதைக் கிழிக்கும். பூஸ்டரை முழுசா வைங்க, ஆம்பை நார்மல் சேனல்ல வால்வு சத்தம் கரகரக்கற வரைக்கும் ஏத்துங்க. ஆம்பைச் சன்னமா வெச்சா வெறும் கீச்சுதான். கரகரப்பில்லாத க்ளீன் சத்தம் வேணும்னா கிட்டார் வால்யூமைக் குறைங்க.

லெனேசியா_ப்ளூஸ்:
எங்க ஹைவெல்ட் மேட்டுநிலக் குளிர்ல இந்தத் தொல்லையெல்லாம் இல்லப்பா. 'டாட்டூ' விஷயத்துல ஃபீனிக்ஸ் தம்பி சொல்றதை ஒத்துக்கறேன். அக்கூஸ்டிக் வேணும்னா 1975 'அகெய்ன்ஸ்ட் த க்ரெய்ன்'ல 'அவுட் ஆன் த வெஸ்டர்ன் ப்ளெய்ன்'. லெட் பெல்லி பாட்டுதான், ஆனா இவர் டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்ல அதை அயர்லாந்துக்கே கூட்டிட்டுப் போயிட்டார். 6ஆவது, 1ஆவது தந்தி ரெண்டையும் டிக்கும், 2ஆவதை ஏக்கும் இறக்கினா போதும்.