பின்னங்கால் எடுத்த நாய் தூக்கத்தில் அலறுகிறது: தொட்டால் வலிக்காதது எப்படி வலிக்கும்?

மொட்டைமாடி (கேள்வி)

நாட்டு நாய், ஆண், 4 வயது, 18 கிலோ. வண்டியில் அடிபட்டு எலும்பு நொறுங்கியதால் இடது பின்னங்காலை இடுப்பு மூட்டோடு எடுத்துவிட்டார்கள். இன்று 6ஆம் நாள். மெலாக்ஸிகாம் சிரப் (1 மி.லி.யில் 1.5 மி.கி.) தினம் ஒரு வேளை 1.2 மி.லி., கபாபென்டின் 100 மி.கி. காலை 8, இரவு 8. பகலில் நன்றாகச் சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான். இரவு 3 மணி வாக்கில் தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுகிறான், கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிறான், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறான். தையலைச் சுற்றித் தொட்டால் ஒன்றும் சொல்வதில்லை. கெட்ட கனவா, வலியா? மாத்திரையைக் கூட்டலாமா?

வேப்பங்கொட்டை

வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புண் வலியும் நரம்பு வலியும் வேறு வேறு. புண் வலி தொட்டால், எழுந்தால், படுத்தால் வரும். நாளாக ஆகக் குறையும். வெட்டுப்பட்ட நரம்பின் வலி சும்மா இருக்கும்போதே ஷாக் அடித்த மாதிரி வரும். திடுக்கிட்டு எழுவது, இல்லாத காலைத் திரும்பிப் பார்ப்பது, அந்தப் பக்கத் தசை துடிப்பது, அங்கேயே நக்குவது, கடிப்பது எல்லாம் இதில் சேர்த்தி. வாலாட்டுவதையும் சாப்பிடுவதையும் வைத்து வலி இல்லை என்று முடிவு கட்டவே கூடாது.

கூடவே இவற்றையும் பாருங்கள்: வெயில் இல்லாமலே மூச்சிரைப்பு, படுக்க முடியாமல் இடம் மாறி மாறி உட்காருவது, காதைப் பின்னால் மடக்கி வைத்திருப்பது, கூப்பிட்டால் முகம் திருப்பிக்கொள்வது. கிளாஸ்கோ வலி அளவுகோலில் (நாயின் நடத்தையைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் தாள்) 24க்கு 6 வந்தாலே வலி மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் (நடக்க முடியாத நாய்க்கு 20க்கு 5). உங்கள் டாக்டரிடம் அந்தத் தாள் இருந்தால் வாங்கி, தினம் இரண்டு முறை ஒரே ஆள் மதிப்பெண் போடுங்கள். ஆள் மாறினால் எண்ணும் மாறிவிடும். இரவு அலறலை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டரின் மேசையில் ஏற்றியதும் நாய் விறைத்து நின்றுவிடும், அங்கே ஒன்றும் தெரியாது.

சின்னமணி

மருந்துக் கணக்குக்கு வருவோம். மெலாக்ஸிகாம் சரி: முதல் நாளுக்குப் பிறகு கிலோவுக்கு 0.1 மி.கி., 18 கிலோவுக்கு 1.8 மி.கி., அதாவது 1.2 மி.லி. சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஆனால் அது வீக்கத்தை அடக்கும் மருந்து, நரம்பு வலியை அதிகம் தொடாது.

இடறுவது நரம்பு வலிக்கான கபாபென்டினில்தான். 100 மி.கி. என்பது கிலோவுக்கு 5.5 மி.கி. நாயின் உடம்பில் 3-4 மணி நேரத்திலேயே பாதி போய்விடும். இரவு 8 மணிக்குக் கொடுத்தது 3 மணிக்கு எவ்வளவு மிச்சமிருக்கும்? நீங்கள் சொன்ன நேரமும் அதுதான். வழக்கமாக கிலோவுக்கு 10 மி.கி. வரை, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். அப்படி மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், அதனால் நீங்களாகக் கூட்ட வேண்டாம். கூட்டினால் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். மூன்று காலில் நிற்பவன், பக்கத்திலேயே இருங்கள். அலறல் நின்றதும் சட்டென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கவனம். பெயருக்குப் பின்னால் 'என்டி' என்றிருந்தால் நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து கலந்தது, வேண்டாம். மனிதர்களுக்கான திரவக் கபாபென்டின் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாய்க்கு விஷம்.

மொட்டைமாடி

நன்றி சார். டாக்டர் நாளை மறுநாள்தான் வருவார். வீட்டில் அம்மாவின் மெலாக்ஸிகாம் 15 மி.கி. மாத்திரையும் டிராமடால் வலி மாத்திரையும் இருக்கிறது. அதுவரை சமாளிக்கலாமா?

சின்னமணி

கூடவே கூடாது. 15 மி.கி. என்பது இவன் ஒரு நாள் அளவைப் போல எட்டு மடங்கு. குடல் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமும் அடிபடும். டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபென், ஸ்டீராய்டு எதையும் மெலாக்ஸிகாமோடு சேர்க்காதீர்கள். டிராமடால் மனித உடம்பில் மாறுவதுபோல நாயின் உடம்பில் மாறுவதில்லை, அதனால் பலன் குறைவு. வாந்தி, தார் போலக் கறுத்த மலம், சாப்பாட்டை வெறுப்பது, இதில் ஒன்று வந்தாலும் மெலாக்ஸிகாமை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். இரண்டு நாள் காத்திருக்காமல் இன்றே போனில் கபாபென்டின் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கோணிப்பை

மருந்தில் பாதி, தரையில் பாதி. டைல்ஸில் ஒரு முறை வழுக்கினால் தையல் பக்கத் தசை முழுக்க இழுபடும். சாக்கு விரிக்காதீங்க, அதுவே வழுக்கும். அடியில் ரப்பர் வைத்த மேட்டை படுக்கை, தண்ணீர்ப் பாத்திரம், வாசல் மூன்றையும் சேர்த்து விடாமல் போடுங்க. பாத விரல்களுக்கு நடுவில் வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்க. வெளியே கூட்டிப்போகும்போது துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்குங்க. ஆண் நாய் என்பதால் குறியை அழுத்தாமல் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடிக்கணும். இரண்டு வாரத்துக்கு ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும்தான் வெளியே.

கூம்புக் கழுத்துப்பட்டையை இரவில் கழற்றாதீங்க. தையல் பக்கம் மெத்தென்று நீர் கோர்த்தால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். அழுத்தியோ ஊசி போட்டோ எடுக்க வேண்டாம். ஆனால் சூடு, நாற்றம், சீழ், 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போகணும்.

தையல் பிரித்த பிறகு முதுகெலும்பின் இருபக்கமும் விரலை ஓட்டிப் பாருங்க. இடுப்புக்கு மேலே தோல் நெளிந்து துடித்தால் அங்கே தசை இறுகியிருக்கு. மிச்சமிருக்கும் பின்னங்கால் நடுக்கோட்டுக்கு வந்து முழுப் பாரத்தையும் தாங்குவதால் வருவது. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு எடையைப் பிடித்து வையுங்க.

வேப்பங்கொட்டை

ஒன்று விட்டுப்போச்சு. மாதங்கள் கழித்து, ஆறிய தழும்பில் ஒரே ஒரு புள்ளியை அழுத்தும்போது மட்டும் கத்தினால், வெட்டிய நரம்பின் நுனி முடிச்சாக வளர்ந்திருக்கலாம். அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சற்று நேரம் வலி நின்றால் இடம் அதுதான். அதற்கு மாத்திரை போதாமல் போனால் முடிச்சை வெட்டி எடுக்க வேண்டிவரும்.