வெள்ளி இலைத் தொங்கு பேரி மரம்: வளர்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

கென்ட், இங்கிலாந்து:

சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில், வெண்பூச் செடிகளுக்கென்றே அமைந்த வெள்ளைப் பகுதியில், சிலையொன்றின் மேல் கிளைகளைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற தொங்கு பேரி மரத்தைப் பார்த்த அன்றே, எங்கள் தோட்டத்திலும் ஒன்றை வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். பைரஸ் சாலிசிஃபோலியா என்ற இம்மரத்தின் தாயகம் காக்கசஸ், துருக்கி, ஈரான் ஆகிய பகுதிகளாகும். கிளை தொங்கும் வகைக்கு ‘பெண்டுலா’ என்று பெயர். வில்லோ இலையைப் போல ஒடுங்கிய அதன் தளிரை விரலால் வருடினால், ஆட்டுக்குட்டியின் காதைத் தொட்டாற்போன்ற மென்மை தெரியும். ஏப்ரலில் பூக்கும் வெண்பூக்களின் நடுவே கருஞ்சிவப்பு மகரந்தப் பைகள் புள்ளிகளாகத் தெரிவதை, அருகில் சென்று பார்ப்பவர்கள் மட்டுமே அறிவார்கள். காய் சிறியது, கல்லைப் போலக் கடினமானது, உண்பதற்கு உதவாது.

நான் செய்த பிழை, கவாத்துச் செய்ய அஞ்சி நான்கு ஆண்டுகள் கத்தரியைத் தொடாமல் இருந்ததுதான். தொங்குவதே அழகு என்று விட்டுவிட்டதில் மரம் வைக்கோற்போரைப் போலாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டு சனவரியில் தொங்கும் கிளைகளை விலக்கி உள்ளே நுழைந்தபோது, வெளிச்சமே காணாமல் காய்ந்துபோன குச்சிகள் தோளில் பட்டதும் சடசடவென்று முறிந்தன. முதலில் காய்ந்தவற்றையும், பிறகு ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்துகொண்டிருந்த கிளைகளில் அடியில் இருந்தவற்றையும், அவை தாய்க்கிளையிலிருந்து கிளம்பும் இடத்திலேயே வெட்டினேன். ஒரே குளிர்காலத்தில் எல்லாவற்றையும் வெட்டினால் நெட்டுக்குத்தான புதுக்கிளைகள் கிளம்பும் என்பதால், அந்த வேலையை மூன்று குளிர்காலங்களுக்குப் பிரித்துக்கொண்டேன். நுனிகளை மட்டும் ஒரே மட்டமாக நறுக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே உள்ள நெருக்கடி அப்படியே இருக்க, ஓரம்தான் மேலும் அடர்ந்துபோகும்.

யார்க்‌ஷயர்:

கென்ட் அன்பர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இம்மரம் தானாக உயராது. நடுத்தண்டை ஒரு கழியில் நிமிர்த்திக் கட்டி, வேண்டிய உயரம் வரும்வரை ஆண்டுதோறும் கட்டுக்கயிற்றை மாற்றித் தளர்த்திவர வேண்டும். மேலும், நமக்குக் கிடைப்பது வேறொரு பேரி இனத்தின் வேரில் ஒட்டுக்கட்டிய கன்றே என்பதை நான் மறந்திருந்தேன். ஒட்டுக்குக் கீழிருந்து பச்சை நிற அகல இலைகளுடன் கிளம்பிய தளிர் ஒன்றை, மரம் செழிக்கிறதென்று மகிழ்ந்து இரண்டு கோடைகள் விட்டுவைத்தேன். அதற்குள் வெள்ளி இலைக் கிளைகள் மெலிந்துவிட்டன. அத்தகைய தளிரைப் பிஞ்சிலேயே கையால் பிடித்துக் கிழித்தெடுத்துவிட வேண்டும். நறுக்கினால் அடிமொட்டு தங்கி மறுபடி துளிர்க்கும்.

சர்ரே:

எங்கள் மரத்துக்குத் தீக்கருகல் நோய் வந்தது. பூத்து ஓய்ந்த சில வாரங்களில், தளிர் நுனிகள் கொக்கிபோல் வளைந்து, இலைகள் உதிராமலே நெருப்பில் வாட்டியதைப் போலக் கருகித் தொங்கின. பட்டையைச் சீவிப் பார்த்தபோது செம்பழுப்புக் கறை கீழ்நோக்கி இறங்கியிருந்தது. முதல்முறை கத்தரியைத் துடைக்காமலே அடுத்த கிளைக்குச் சென்றேன். அந்தக் கிளையும் கருகியது. இது பாக்டீரியா நோய். இப்போது கறை முடியும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே இறங்கி வெட்டுகிறேன். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியைக் கிருமிநாசினியில் தோய்க்கிறேன். வேலியோரத்துக் கொட்டோனியாஸ்டர் செடிக்கும் இதே நோய் வரும் என்பதால், பேரி பூத்து ஓய்ந்ததும் இரண்டையும் வாரம் ஒருமுறை நுனி நுனியாகப் பார்த்துவருகிறேன்.