கோல்டு என்னிடம்தான் அதிகம், ஆட்டம் மட்டும் தோற்கிறது: ஃபார்மா, சண்டையா?

ஊதாக்கத்தி:
டோட்டா 2 என்ற ஐந்துக்கு ஐந்து பேர் ஆன்லைன் கேமில் கேரி (கோல்டு சேர்த்து, பிறகு டீமைச் சுமப்பவர்) மட்டும்தான் ஆடுகிறேன், பெரும்பாலும் ஆன்டி-மேஜ் என்ற ஹீரோ. நேற்று ஃபார்ம் மட்டுமே செய்து (மேப்பின் சிறு உயிரினங்களைக் கொன்று கோல்டு சேர்த்து) 16வது நிமிடத்தில் பேட்டில் ஃபியூரி, 22-இல் மாண்டா ஸ்டைல் என்ற ஐட்டங்களை வாங்கிவிட்டேன். பத்துப் பேரில் கோல்டு என்னிடம்தான் அதிகம். ஆனால் அதற்குள் எங்கள் தளத்துக்கான வழியைக் காக்கும் நான்கு டவர் போய்விட்டது, டீமில் எல்லோரும் "சண்டைக்கு வா" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். சரி என்று அடுத்த ஆட்டத்தில் ஜக்கர்நாட் எடுத்து, கூப்பிட்ட சண்டைக்கெல்லாம் போனேன். ஒன்பது முறை செத்தேன், 25வது நிமிடத்திலும் உருப்படியாக ஒரு ஐட்டம் இல்லை. இரண்டு மாதமாக இதே கதைதான். எதை மாற்றுவது?

பின்வரிசை:
நான் சப்போர்ட் (கேரிக்கு உதவும் வேலை) ஆடுகிறவன். "சண்டைக்கு வா" என்று எழுதுவது எங்களைப் போன்றவர்கள்தான். எல்லாச் சண்டைக்கும் நீங்கள் வர வேண்டாம், எப்போது வருவீர்கள் என்று தெரிந்தால் போதும். குயிக்பையில் (அடுத்து வாங்கப்போகும் பட்டியலில்) வைத்த ஐட்டத்தை ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தால், இன்னும் எவ்வளவு கோல்டு வேண்டும் என்று டீமுக்குப் போகும். அதைப் பார்த்தால் நான் ஒரு டவரை விட்டுக்கொடுத்துப் பின்வாங்குவேன். தெரியாததால்தான் நான்கு பேராகப் போய்ச் சாகிறோம்.

மலைப்பாம்பு:
தம்பி, ஒரு கேள்வி. மாண்டா வந்த 22-இலிருந்து 30 வரை மேப்பில் எங்கே இருந்தாய்? ரீப்ளேயைப் பார்த்துச் சொல்.

ஊதாக்கத்தி:
பார்த்தேன் அண்ணா. ஏறக்குறைய முழு நேரமும் எங்கள் காட்டில்தான். அங்கேதான் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

மலைப்பாம்பு:
கோளாறு அங்கேதான். காட்டு முகாம்கள் (உயிரினங்கள் நிற்கும் இடங்கள்) நிமிடத்துக்கு ஒரு முறைதான் நிரம்பும், லேனில் (டவர்கள் நிற்கும் பாதையில்) முப்பது விநாடிக்கு ஒரு அலை க்ரீப் (தானாக நடந்துவரும் சிறு படை) வருகிறது. காட்டையே சுற்றினால் அந்த அலைகள் உன் டவரில் மோதி வீணாகின்றன. பேட்டில் ஃபியூரி வரும்வரை உள்ளே ஒதுங்கி இருந்தது சரிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். மாண்டா வந்தபின் நீ எதிரியின் பக்கத்தில் ஃபார்ம் செய்ய வேண்டும். மினிமேப்பில் எதிரிகள் மூன்று நான்கு பேர் மேலே தெரிந்தால் கீழ் லேனைத் தள்ளி டவரை அடி. தடுக்க இரண்டு பேர் திரும்பினால் ப்ளிங்க் (நொடியில் தாவும் திறன்) போட்டு வெளியேறு. மேலே உன் டீமுக்கு நான்குக்கு மூன்று, நான்குக்கு இரண்டு என்று சண்டை அமையும். நீ அங்கே இல்லாமலே அந்தச் சண்டையில் இருக்கிறாய்.

டோட்டா 2-இன் பெரிய போட்டியான இன்டர்நேஷனலின் 2013 இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தைத் தேடிப் பார். நவி அணியை அலையன்ஸ் 3-2 என்று வென்றதே, அந்த ஆட்டம். சண்டை நடக்கும் இடத்தை விட்டுவிட்டு லேன்களைத் தள்ளியே முடித்தார்கள். காக்கத் திரும்ப முயன்றவர்களின் டெலிபோர்ட்டை (தூர இடத்துக்கு உடனே தாவுவதை) அலையன்ஸின் பக் என்ற ஹீரோவின் ட்ரீம் காயில் திறன் அறுத்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

இன்னொன்று. எதிரில் ஸ்பெக்டர், மெடூசா மாதிரி கேரி இருந்தால், நீ ஃபார்ம் செய்யும் நேரத்தில் அவர்களும்தான் வளர்கிறார்கள். அங்கே காத்திருப்பதால் உனக்கு லாபமில்லை.

ஊதாக்கத்தி:
ஜக்கர்நாட்டில் ப்ளிங்க் கிடையாதே அண்ணா?

மலைப்பாம்பு:
அதனால் ஜக்கர்நாட்டில் சண்டையைப் பொறுக்கி எடு. ஆம்னிஸ்லாஷ் (அவனுடைய பெரிய தாக்குதல்) தயாரா? ஜெயித்தால் பக்கத்தில் டவரோ, ரோஷன் என்ற பெரிய அரக்கனோ கிடைக்குமா? இரண்டும் இல்லாவிட்டால் அடுத்த அலைக்குப் போ. ரோஷனை அடித்து ஏஜிஸ் (செத்தால் ஒரு முறை உயிர் தரும் ஐட்டம்) கையில் வந்துவிட்டால் மட்டும் காட்டுக்குள் போகவே கூடாது. ஐந்து நிமிடத்தில் அது மறைந்துவிடும். கூட நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நேராக டவருக்குப் போ.

ஊதாக்கத்தி:
இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன். ஆன்டி-மேஜில் 31 நிமிடத்தில் ஜெயித்தோம். மாண்டா வந்ததும் கீழ் லேனிலேயே இருந்தேன், இரண்டாம் வரிசை டவர் இரண்டு விழுந்தது, என்னைப் பிடிக்க மூன்று பேர் வந்த நேரத்தில் டீம் ரோஷனை எடுத்துவிட்டது. ஜக்கர்நாட்டில் தோற்றோம், ஆனால் நான் செத்தது மூன்று முறைதான். ஏஜிஸோடு போயும் எதிரித் தளத்தின் பேரக்ஸை (படைக்கூடத்தை) உடைக்க முடியவில்லை. பி.கே.பி. (பிளாக் கிங் பார், மந்திரத் தாக்குதலிலிருந்து காக்கும் ஐட்டம்) வாங்காமலே ஏறிவிட்டேன், ஸ்டன்னில் (அசையவிடாத தாக்குதலில்) மாட்டிக்கொண்டேன்.

பின்வரிசை:
பி.கே.பி.க்கு எவ்வளவு குறைவு என்று டீமுக்கு அனுப்பினீர்களா?

ஊதாக்கத்தி:
இல்லை, மறந்துவிட்டேன். இன்று இரவு ஆட்டத்தில் அனுப்புகிறேன்.